அங்காளம்மா லைன்ஸ் வாங்கிய நூற்றியொரு டன்

முடிச்சூர்,
19.2.2008

கப்பலில் இரண்டாம் எஞ்சினியர் என்றாலும் எங்கள் வீட்டில் முதலாம் மாமாவாகிய தேவானந்தம் மாமாவுக்கு, ப்ளஸ் ஒன் படிக்கும், அல்லது படிப்பதாக அம்மாவால் நம்பப்படும், சத்யப்ரியா எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், பதினான்கு எண்ணெய் டிரம்கள் அனைவரும் சௌக்கியம். அங்கு நீங்களும் உங்கள் எஞ்சினும் சூடு அடங்கிச் சௌக்கியமாக இருக்க நம் குலதெய்வம் அங்காளம்மா அருள வேண்டும். அங்காளம்மா பெயரை மரியாதைக்காக எழுதியிருக்கிறேன் என்று நினைத்து அடுத்த வரிக்குத் தாவ வேண்டாம். இந்தக் கடிதமே அவளால் வந்ததுதான்.

உங்கள் கப்பலில் புதிதாகச் சேரப்போகும் பம்மல் ஜெரோம் அண்ணா இன்று மாலை விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறுகிறார். அவர் கையில் இந்தக் கடிதமும் அம்மா செய்த நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் வருகின்றன. தொக்கு வழியிலேயே தீர்ந்திருந்தால் நான் பொறுப்பில்லை. கடிதம் தீராது, நான்கு பக்கம்.

நீங்கள் போன வருடம் கப்பல் ஏறியபோது அப்பா துறைமுகத்தில், கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார் அல்லவா. ஜூன் மாதம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். விருப்பம் அவருடையது, ஓய்வு வீட்டில் ஒருவருக்கும் இல்லை. தார் மாதிரி கெட்டியான கறுப்பு எண்ணெயை இருபத்திரண்டு வருடம் கப்பல்களுக்கு ஊற்றி, அது புகையாக மேலே போவதை இருபத்திரண்டு வருடம் அண்ணாந்து பார்த்தவருக்கு, தாம்பரம் மேற்கில் ஒரு டீக்கடைக்காரர் பழைய பஜ்ஜி எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றியபோது ஞானம் வந்தது. செடியில் விளைந்த எண்ணெயை எரித்தால், அந்தச் செடி காற்றிலிருந்து எடுத்த கரிதான் காற்றுக்குத் திரும்பும், பூமிக்கு அடியிலிருந்து புதுக் கரி வராது, ஆகவே கப்பல் இதில் ஓட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். கப்பலிடம் கேட்கவில்லை. அம்மாவிடமும் கேட்கவில்லை. எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ் இரண்டு வகுப்பு எடுத்தும் எனக்குப் புரியாத விஷயத்தை அப்பா பின்பக்க ஷெட்டில் செய்து காட்டினார். வடிகட்டினார், மெத்தனால் கலந்தார், அடியில் தங்கியதைப் பிரித்தார், கழுவினார், கடைசியில் தேன் நிறத்தில் ஒன்று வந்தது. வீடு முழுக்க பஜ்ஜி வாசனை, ஆனால் பஜ்ஜி இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று மோந்து பார்த்துவிட்டுப் போனதால், மனித நேயத்தின் பேரில் நான் ஒரு நாள் கேட்டில் ‘இன்று வாழைக்காய் மட்டும்’ என்று அட்டை எழுதி மாட்டினேன். ஏழு பேர் வந்தார்கள். அம்மா ஏழு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு எட்டாவதாக என்னிடம் வந்தாள். அந்த நிகழ்ச்சியை இதற்குமேல் விவரிப்பதற்கில்லை.

எண்ணெய் வந்துவிட்டது, வாங்கத்தான் ஆள் வரவில்லை. கொள்முதல் என்கிறார்களே, அதில் கொள்வார் யாருமில்லை, முதல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கப்பல் கம்பெனிக்காரர்களிடம் போனால், “நல்ல விஷயம்தான் சார், வேற யார் வாங்குறாங்க?” என்றார்கள். வேறு யாரிடமாவது போனால் அவர்களும் அதையே கேட்டார்கள். எல்லோருமே வேறு யாராக இருந்தார்கள். திருப்போரூர் பக்கம் ஓர் ஆயில் மில் முதலாளி இருக்கிறார். வருடத்துக்கு நானூறு டன் வாங்குவதாகக் கப்பல்காரர்கள் கையெழுத்துப் போட்டால், அப்பா சேர்த்துத் தரும் பழைய எண்ணெயில் தன் மில்லிலேயே பெரிய அளவில் இதைத் தயாரிக்கிறேன் என்றார். கப்பல்காரர்களோ, பெரிய அளவில் தயாரித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள். சொந்த மச்சானாகிய நீங்களும் ‘ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் அத்தான், தண்ணீர் சேரும் அத்தான்’ என்று ஈமெயில் அனுப்பினீர்கள். அதை அப்பா பிரிண்ட் எடுத்து ஷெட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். ஊக்கத்துக்காக என்று நினைக்கிறேன்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் அப்பாவும் நானும் பம்மலில் ஒரு காலி ஷேர் ஆட்டோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். டிரைவர், “ஏறு சார், ஏறினா கெளம்பிடும்,” என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர், “நீ கெளம்பு, ஏறுறேன்,” என்றார். பத்து நிமிடம் இந்தப் பேச்சுவார்த்தை நடந்தது. பிறகு டிரைவர் எதிர்க் கடையில் பீடி குடித்துக்கொண்டிருந்த தன் நண்பரை அழைத்து, “மச்சான், சும்மா வந்து குந்து,” என்றார். நண்பர் வந்து உட்கார்ந்ததும் இரண்டு நிமிடத்தில் எட்டுப் பேர் ஏறினார்கள், நாங்களும்தான். நண்பர் மறுபக்கமாக இறங்கி பீடியைத் தொடர்ந்தார். அப்பா குரோம்பேட்டை வரை ஏறினவர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பிறகு, “சத்யா, இதான் என் பிசினசு,” என்றார்.

அப்பாவின் திட்டம் சுலபம். ஒரு நோட்டு. ஒவ்வொரு கம்பெனியும் வருடத்துக்கு இத்தனை டன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தம் நானூறு டன் சேர்கிறவரைக்கும் யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. சேர்ந்துவிட்டால் எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஷேர் ஆட்டோ நிறைந்தால் கிளம்புகிற மாதிரி. சுமைக்கும் ஆள் பிடித்துவிட்டார். பம்மலில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஜெபசீலன் சாரிடம் அவருடைய ஜெர்மன் வாடிக்கையாளர்கள் ‘இந்த ஷூ எவ்வளவு புகை விட்டுக்கொண்டு வந்தது’ என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்களாம். கப்பலில் நம் எண்ணெயை ஊற்றினால் ஜோடிக்கு ஒரு லேஸ் விலைகூட அதிகமாகாது என்று அப்பா கணக்குப் போட்டுக் காட்டியதும், “அந்தக் கப்பல் எதுன்னு மட்டும் சொல்லுங்க, தூத்துக்குடி போற என் சரக்கு முழுக்க அதுலதான்,” என்று சொல்லிவிட்டார். சரக்கு தயார், எண்ணெய் தயார், நடுவில் கப்பல்தான் இல்லை.

இதற்குள் அம்மாவின் பொறுமை தீர்ந்துவிட்டது. அம்மாவின் சித்தப்பா மகன் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் காவலாளிகள் அனுப்பும் தொழில் செய்கிறாரே, அவரிடம் சொல்லி அப்பாவுக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை ஏற்பாடு செய்துவிட்டாள். காக்கிப் பேன்ட் தைத்தே வந்துவிட்டது. பீரோவைத் திறந்தால் அது அப்பாவின் உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கிறது. அப்பா அங்காளம்மா சன்னதியில் கற்பூரம் அணைத்து அம்மாவிடம் சொன்னார்: “மாசி மகத்துக்குள்ள கப்பல்காரங்க கையெழுத்து சேரலேன்னா டிரம்மெல்லாம் வித்துட்டு அந்தப் பேன்டைப் போட்டுக்கறேன் பாலா.” அம்மா, “சரி, பெல்ட்டும் வாங்கிடறேன்,” என்றாள். மாசி மகம் நாளை மறுநாள்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். நம் வீட்டில் எந்த நோட்டு ஆரம்பித்தாலும் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். நான்கு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, முதல் வரி குலதெய்வத்துக்கு. கல்யாண மொய் நோட்டானாலும், சீட்டு நோட்டானாலும், முதல் பெயர் அவள் பெயர்தான், அதற்குக் கீழேதான் மனிதர்கள். அப்பாவும் அப்படியே முதல் வரியில் ‘ஸ்ரீ அங்காளம்மா, 101 டன்’ என்று எழுதினார். நூறு என்று நிறுத்தினால் மங்களமாக இருக்காது என்று ஒரு டன் கூடுதல். பிறகு நோட்டை என்னிடம் கொடுத்து, “இதை பிரவுசிங் சென்டர்ல இங்கிலீஷ்ல டைப் பண்ணிட்டு வா, கம்பெனிகளுக்குக் காட்டணும்,” என்றார்.

டைப் பண்ணினேன். கட்டம் போட்டேன். கம்பெனி, தலைமையகம், தொடக்கம், கப்பல்கள், வருடத்துக்கு எத்தனை டன் என்று அழகாக ஐந்து கட்டம். முதல் வரியில் மூன்று கட்டம் காலியாக இருந்தது. காலி ஷேர் ஆட்டோவைப் பார்த்தவள் நான், சும்மா விட முடியவில்லை. தலைமையகம்: கோவளம் அருகே, கடற்கரை. தொடக்கம்: மிகப் பழைய நிறுவனம். கப்பல்கள்: ஒன்று, சீசனில் மட்டும். மாசி மகத்தன்று குப்பத்துப் போட்டில் அங்காளம்மா கடலாடப் போகிறாள் இல்லையா, அதுதான் அந்த ஒன்று. பெயருக்குப் பின்னால், கப்பல் கம்பெனிகள் போட்டுக்கொள்கிற மாதிரி, ‘லைன்ஸ்’ என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன். அதைத் தவிர நான் ஒரு பொய்யும் எழுதவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அப்பா கண்ணாடி இல்லாமல் பார்த்து, “கட்டம் நல்லா இருக்கு,” என்றார்.

ராஜாஜி சாலையில் ஒரு கடலோரக் கப்பல் கம்பெனி. மேனேஜர் ஸ்ரீரங்கன் சார். அப்பாவோடு நானும் போயிருந்தேன், எனக்கு வயிற்றுவலி என்று பள்ளியில் சொல்லப்பட்டிருந்தது. அவர் காகிதத்தை எடுத்தார், முதல் வரியிலேயே நின்றார்.

“நூத்தியோரு டன்னா? யார் இது, பெரிய பார்ட்டியா?”

“எங்களுக்கு எல்லாமே அவங்கதான் சார்,” என்றார் அப்பா.

“நான் கேள்விப்பட்டதே இல்லையே.”

“வெளிய அதிகம் வர மாட்டாங்க சார். வருசத்துக்கு ஒருவாட்டிதான்.”

“ஆள் எப்படி? கறாரா?”

“சொன்ன சொல் மாறினா கண்ணைப் பறிச்சிடுவாங்க சார்.”

ஸ்ரீரங்கன் சார் பேனா மூடியைத் திறந்தார். நம் ஊரில் லாரி ஆபீஸ், அரிசி மண்டி, மொபைல் ரீசார்ஜ் கடை எல்லாவற்றுக்கும் சாமி பெயர்தான் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. அப்பாவையும் குறை சொல்ல முடியாது. முதல் வரி சாமி வரி என்று உலகத்துக்கே தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். என்னை வேண்டுமானால் சொல்லலாம், நான் மேசை மேலிருந்த குட்டிக் கப்பல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘சின்ன கம்பெனியே நூற்றியொன்று போடும்போது’ என்று முணுமுணுத்துவிட்டு அவர் நூற்றியிருபது டன் எழுதினார். அவர் கையெழுத்தைப் பார்த்து இன்னும் மூன்று கம்பெனிகள் ஆளுக்கு அறுபது. மொய் நோட்டில் கூட்டுகிற மாதிரி சாமி வரியையும் சேர்த்து அப்பா கூட்டினார், மொத்தம் நானூற்றியொன்று. அப்பா வீட்டுக்கு வந்து பீரோ கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றார். எட்டு மாதத்தில் அவர் சாய்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

இன்று காலை ஸ்ரீரங்கன் சார் போன் செய்தார். எல்லோர் கையெழுத்தும் சரி, ஆனால் கம்பெனி சீல் போடுமுன், அங்காளம்மா லைன்ஸ் எஞ்சினியரிடமிருந்து இந்த எண்ணெயில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று ஒரு லெட்டர் வேண்டும், தான் சீல் போட்டால்தான் மற்ற மூவரும் போடுவார்களாம். அப்பா போனை வைத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். என் காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். என்னைத் திட்டவில்லை, அதுதான் விஷயம். “நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிட்டு வந்துடறேன்,” என்றார். அம்மா பெல்ட் வாங்கியாகிவிட்டது என்பதை அப்போது சொல்லவில்லை, அவளுக்கும் மனசு வரவில்லை போல.

ஆகவே மாமா, வேண்டுகோள். நீங்கள் எஞ்சினியர். அங்காளம்மா உங்களுக்கும் குலதெய்வம். எனவே நீங்கள் அங்காளம்மாவின் எஞ்சினியர். இதில் பொய் எங்கே இருக்கிறது? நாளை காலை கடிதம் கிடைத்தவுடன், அப்பா கிளம்புவதற்குள், ஸ்ரீரங்கன் சாருக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினால் போதும். வாசகமும் நானே எழுதிவிட்டேன்: ‘எங்கள் கப்பலில் இந்த எண்ணெயால் இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.’ ஊற்றவே இல்லையே, புகார் எப்படி வரும்.

தயக்கம் வந்தால் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். நீங்கள் முதல்முறை பூமத்திய ரேகையைத் தாண்டியபோது, கப்பல் வழக்கம் என்று உங்கள் சிப்பந்திகள் உங்களுக்கு இலைப் பாவாடை கட்டி, முகத்தில் முட்டை பூசி எடுத்த புகைப்படம் என் இங்கிலீஷ் நோட்டில் இருக்கிறது. அம்மா உங்களுக்குப் பெண் தேடி ஜாதகத்தோடு அனுப்பும் கோட்டுப் போட்ட புகைப்படமும் அதே அளவுதான். கவர் ஒட்டும் வேலை என்னுடையது.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடவும். உங்கள் எஞ்சினுக்கும் கேப்டனுக்கும் என் வணக்கம். அங்காளம்மா உங்களை எல்லாக் கடலிலும் காக்க, என்னை எங்கள் வீட்டுக் கூடத்தில் காக்க.

இப்படிக்கு,
உங்கள் புகைப்படத்தின் பாதுகாவலர்,
சத்யப்ரியா

பின்குறிப்பு, 22.2.2008: மாமா, மேலே உள்ள நான்கு பக்கமும் செல்லாது. உங்கள் கப்பல் வர மூன்று நாள் தாமதம் என்று ஜெரோம் அண்ணா ரயில் ஏறவே இல்லை. கடிதம் அவர் பையிலேயே இருந்தது, தொக்கு மட்டும் குறைந்திருக்கிறது. கிழிக்க மனசு வரவில்லை, கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது. லெட்டர் எதுவும் எழுத வேண்டாம்.

அப்பா சொன்னபடியே போய், “சார், அது எங்க குலதெய்வம்,” என்று சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கன் சார் காகிதத்தை மறுபடி எடுத்து முதல் வரியில் விரல் வைத்தாராம். பிறகு, “கப்பல் ஒண்ணுன்னு போட்டிருக்கே?” என்றாராம். மாசி மகத்துக்கு அங்காளம்மா போட்டில் போவாள் என்று அப்பா விளக்கியிருக்கிறார். “என்ன டீசல்?” அந்தப் போட்டிலேயே நம் எண்ணெயை ஊற்றலாம் என்று அப்பாவுக்கு அதுவரை தோன்றவே இல்லை. எட்டு மாதமாகத் துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்.

நேற்று கோவளம் குப்பத்தில் மீன் விற்கும் கன்னியம்மா அத்தை மகன் வினோத்குமாரின் போட்டில் இருந்த டீசலை இறக்கிவிட்டு நம் எண்ணெயை ஊற்றினார்கள். அங்காளம்மா ஏறினாள், மேளக்காரர்கள் ஏறினார்கள், ஸ்ரீரங்கன் சாரும் ஏறினார். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான். பூசாரி நடுக்கடலில், “எவன்டா போட்டுல வடை சுடறது?” என்று கேட்டார். மற்றபடி எஞ்சின் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கரையில் கன்னியம்மா அத்தை மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்காளம்மாவைச் சுற்றிப் பார்த்தாள். “போன வருசம் பொகைல இவ பொடவையெல்லாம் கறுத்துப் பூட்ச்சி. இந்த வாட்டி பாரு, போனா மாதிரியே வந்துகீறா,” என்றாள்.

ஸ்ரீரங்கன் சார் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே, “ஓடுது, ஒத்துக்கறேன். ஆனா நூத்தியோரு டன் இந்த ஒரு போட்டுக்கு எதுக்கு? அதை அடிச்சா முந்நூறுதான் வருது, மில்காரர் ஒத்துக்க மாட்டாரே,” என்றார். அப்பா தலையாட்டிவிட்டு அடிப்பதற்குப் பேனாவை எடுத்தார். அத்தை அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“அம்மா பேர எய்திட்டு அடிக்கிறியா? இன்னாடா துளசி, கை வெளங்குமா?”

“அக்கா, அவ எங்கேந்து நூத்தியோரு டன் வாங்குவா?”

“ஏன், நாங்கல்லாம் செத்தா பூட்டோம்? டீசல் வெலதானே?”

“அதே வெலைதான்.”

“குப்பத்துல நாப்பத்தோரு போட்டு கீது. எல்லாம் அவளுதுதான். ஏய் பொண்ணு, நீதான கட்டம் போட்டவ, கணக்கு போடு.”

போட்டேன். போட்டுக்கு வருடத்துக்கு இரண்டரை டன், மொத்தம் நூற்றிரண்டரை. ஒன்றரை டன் உபரியாகவே இருந்தது. நாற்பத்தொரு பேரும் வரிசையில் நின்று, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள், அங்காளம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் பேரம் பேசவில்லை. கப்பல்கள் என்ற கட்டத்தில் ‘ஒன்று’ என்பதை நானே அடித்து ‘நாற்பத்தொன்று’ என்று எழுதினேன். ஸ்ரீரங்கன் சார் கவிழ்த்து வைத்த மீன்கூடையின் மேல் காகிதத்தை வைத்து சீல் போட்டார். அதில் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது, அதை எடுக்க வேண்டாம் என்று அவரே சொன்னார். இன்று மற்ற மூவரும் போட்டுவிட்டார்கள்.

புகைப்பட மிரட்டலையும் வாபஸ் வாங்குகிறேன், ஆனால் புகைப்படத்தை வாங்க முடியாது. அம்மா என் நோட்டைத் துழாவி, எது கிடைத்ததோ அதை வைத்துத் தானே கவர் ஒட்டி அனுப்பிவிட்டாள். பெண்ணின் பெயர் ஷர்மிளா. இத்தனை ஜாதகத்தில் இவர் ஒருவர்தான் சிரிக்கிறார் என்று சொன்னாராம், மேற்கொண்டு பேச ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

நான்கு பக்கம் முழுக்க எண்ணெய் இருக்கிறது, கப்பல் இல்லை என்று எழுதியிருக்கிறேன். இப்போது கப்பல் இருக்கிறது, எண்ணெய் இல்லை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை அத்தனை பேரும் மூன்று வேளையும் பஜ்ஜி தின்றாலும் நானூறு டன் வராது என்று அப்பா இன்று கண்டுபிடித்தார். ஆகவே உங்கள் கப்பல் சமையல்காரரிடம் சொல்லி, பழைய எண்ணெயைக் கொட்டாமல் ஒரு கேனில் பிடித்து வைக்கவும். கேனில் வடிகட்டாமல் வந்தாலும் பரவாயில்லை. அம்மா இன்று காலை கத்தரியை எடுத்து சிறுசேரிப் பேன்டை நடுவில் வெட்டி, கீழ்முனைகளை முடிச்சுப் போட்டுவிட்டாள். நல்ல கெட்டித் துணி, தூசு தங்குகிறது. அப்பாவின் இரண்டு காலும் இப்போது ஷெட்டில் டிரம்முக்கு மேல் தொங்கிக்கொண்டு எண்ணெய் வடிகட்டிக்கொண்டிருக்கின்றன. பெல்ட்டை மட்டும் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்கிறார்கள்.